கசப்பெல்லாம் மருந்தல்ல

தலைப்பைப் பார்த்துவிட்டுப் பாகற்காய்க் கட்டுரை என்று வரும் அன்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பீரைப் பற்றியது. சங்க மலரில் பீரா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். யாரையும் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. இப்போது நம் பிள்ளைகள் வாங்கி வருகிறார்கள். நம்மில் சிலரும் ஒரு வாய் ருசி பார்க்கிறோம். விஷயம் தெரியாமல் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு என் நண்பரே சாட்சி.

செம்பூரில் இருக்கும் அந்த நண்பர் என்னோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சந்தித்தோம். "ஸார், இந்தப் பாகற்காய் எல்லாம் ஒன்றுமே இல்லை. பையன் ஒரு பீர் வாங்கி வந்தான், அப்படி ஒரு கசப்பு! இவ்வளவு கசந்தால் சுகருக்கு நல்லதுதானே என்று ஒரு டின் முழுக்கக் குடித்துவிட்டேன். ராத்திரி சாப்பாடும் வேண்டாம் என்று படுத்துவிட்டேன்" என்றார்.

இரவு இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. 'குடித்துவிட்டு உளறுகிறார்' என்று விட்டுவிடாமல் அவர் மனைவி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாரோ, பிழைத்தாரோ. மறுநாள் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

காலி டின்னை வாங்கிப் பார்த்தேன். அரை லிட்டர். '65 ஐ.பி.யு., ஆல்கஹால் 7 சதவீதம்' என்று அச்சிட்டிருந்தது. எண்ணைக் கண்டால் அதன் அர்த்தம் தெரியாமல் விடமுடியாத தொழிலில் இருந்தவன் நான். தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

பீருக்கு மூலப்பொருள் முளைகட்டிய பார்லி. அதன் சாறு இனிப்பானது. அந்த இனிப்பை ஈடுகட்டக் கசப்புக்காகச் சேர்ப்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கொத்து. பார்லிச் சாற்றில் ஹாப்ஸைச் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிச் சாற்றில் கரைந்து கசப்பாகின்றன. அடுப்பை அணைக்கும் சமயத்தில் போட்டால் மணம் இறங்கும், கசப்பு அதிகம் இறங்காது. அதனால் மூக்கைத் துளைக்கும் ஹாப்ஸ் மணம் வந்தால் அந்தப் பீர் மிகவும் கசக்கும் என்று முடிவு கட்டக்கூடாது. மணம் வேறு, கசப்பு வேறு.

ஐ.பி.யு. என்பது கசப்பின் அளவு. ஒரு லிட்டரில் சுமார் ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள் இருந்தால் ஒரு ஐ.பி.யு. என்று கொள்ளலாம். பீரிலிருந்து கசப்பை ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து, அதன் வழியே 275 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண லாகர் பீர் பெரும்பாலும் 20க்குள் இருக்கும். 'இந்தியா பேல் ஏல்' என்ற வகை 40 முதல் 70 வரை. நூறைத் தாண்டியவையும் உண்டு. ஆனால் அதற்கு மேல் கூடுவதை நாக்கால் பிரித்தறிவது கடினம்.

பெயரில் இந்தியா வந்தது எப்படி? கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் மதுவாலையிலிருந்து கல்கத்தா, சென்னை, பம்பாய்க்குப் பீப்பாய்கள் வந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். ஹாப்ஸ் சில கிருமிகளை வளரவிடாது என்பதால் வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் அதைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். இந்தியாவுக்கென்றே ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது பின்னால் வந்த கதை. 1820களில் பர்ட்டன் நகரத்தார் போட்டிக்கு வந்தார்கள். அந்த ஊர் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பை எடுப்பாகக் காட்டும்.

நம் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. 1868இல் திறந்த லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் அடித்தளத் தூண்களுக்கிடையே உள்ள தூரத்தை, என்ஜினீயர் பார்லோ, பர்ட்டன் பீர்ப் பீப்பாய்களின் அளவை வைத்தே தீர்மானித்தார். பிளாட்பாரம் மேலே, பீப்பாய்க் கிடங்கு கீழே!

இனி முக்கியமான விஷயம். ஐ.பி.யு. எண்ணை மட்டும் வைத்து இரண்டு பீர்களை ஒப்பிடக்கூடாது. காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிகாக்ஷன்தான், ஒன்றில் அரை ஸ்பூன் சர்க்கரை, மற்றதில் இரண்டு ஸ்பூன். இரண்டாவது கசக்கவில்லை என்பதால் டிகாக்ஷன் குறைந்துவிட்டதா? பீரிலும் அப்படித்தான். தண்ணீரின் அடர்த்தி 1000 என்றால், நொதிக்கும் முன் பார்லிச் சாறு 1050, 1060 என்று இருக்கும். ஐ.பி.யு.வை அந்த மேல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1050க்கு 20 என்றால் 0.4, மென்மை. 1060க்கு 60 என்றால் 1, நல்ல கசப்பு. 1080க்கு 72 என்றால் 0.9, எண் பெரிது, நாக்குக்குக் கசப்பு குறைவு. ஆனால் பார்லி அதிகம் என்பதால் ஆல்கஹாலும் அதிகம்.

இதைச் சோதித்தும் பார்த்தேன். மாப்பிள்ளை மூன்று வகை வாங்கி வந்தார்: ஒரு லாகர், ஒரு பேல் ஏல், அதைவிடக் காட்டமான ஒன்று. என் மனைவி தம்ளர்களின் அடியில் க, ங, ச என்று எழுதி, எது எதென்று சொல்லாமல் கால் தம்ளர் வீதம் வைத்தாள். எல்லாம் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதிகம் குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடும். கசப்பு நாக்கில் தங்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர், கொஞ்சம் பொரி, ஐந்து நிமிட இடைவெளி. முதல் சுற்றில் பேல் ஏலே மிகவும் கசப்பு என்று மாப்பிள்ளையும் நானும் தனித்தனியே எழுதினோம். காட்டமானதன் டின்னில் இருந்த ஐ.பி.யு. எண்தான் பெரியது!

நண்பர் ஏமாந்தது இங்கேதான். நம் நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் சுமார் 25 வகை. பாகற்காய், வேப்பம்பூ, சுண்டைக்காய், கொய்னா மாத்திரை, ஹாப்ஸ் எல்லாம் வெவ்வேறு வேதிப்பொருள்கள். ஆனால் மூளைக்குப் போகும் சேதி ஒன்றுதான்: 'கசப்பு'. யார் அழுத்தினாலும் ஒரே மாதிரி அடிக்கும் வாசல் மணி அது. வந்தவர் வைத்தியரா வேறு யாராவதா என்று மணி சொல்லாது.

அவர் குடித்த டின்னில் இருந்தது 35 மில்லி ஆல்கஹால். எடையில் சுமார் 28 கிராம். அதிலிருந்து மட்டுமே சுமார் 195 கலோரி, நொதிக்காமல் மிஞ்சிய மாவுச்சத்து தனி. அதைவிட ஆபத்து வேறு. சாப்பிடாத நேரத்தில் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடுவது கல்லீரல். ஆல்கஹால் வந்தால் அந்த வேலை தடைபடும். இன்சுலினும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் ரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வயிறும் காலி என்றால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும், அதுவும் தூக்கத்தில், சில மணி நேரம் கழித்து. வியர்வை, நடுக்கம், குழறல் எல்லாம் போதையைப் போலவே தோன்றும் என்பதை வீட்டுப் பெண்கள் அவசியம் நினைவில் வைக்க வேண்டும். நினைவிருந்தால் சர்க்கரைத் தண்ணீர். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி.

டின்னில் இரண்டு எண்கள் இருக்கும். ஐ.பி.யு. நாக்குக்கு, சதவீதம் உடம்புக்கு. இரண்டாவதை முதலில் படியுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் முன்னால் டாக்டரைக் கேளுங்கள்.

நண்பர் இப்போது பழையபடி பாகற்காய்ப் பிட்லைக்குத் திரும்பிவிட்டார். 'அதுவும் மாத்திரைக்குப் பதில் ஆகாது, ஸார்' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.