மூன்று பெல்ட்டும் ஒரு போல்ட்டும்



கீழச்சிவல்பட்டியில் காலை பஸ் ஏறி பாலிடெக்னிக் வரும் எங்கள் ஏழு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பஸ் கிளம்பியதும் என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்போம். பாடத்தின் மேல் உள்ள பக்தியால் அல்ல, பயத்தால்! சென்ற ஆண்டு ஒரே பஸ் ஆறு வாரத்தில் மூன்று முறை நடுவழியில் நின்றது. மூன்று முறையும் அறுந்தது ஒன்றேதான்: ஃபேன் பெல்ட்.

மூன்றாவது முறை நின்ற நாளில் எங்களுக்கு செமஸ்டர் பிராக்டிகல். பின்னால் வந்த லாரியில் தொற்றிக்கொண்டு ஆறு பேர் வந்து சேர்ந்துவிட்டோம். ஏழாவது நண்பன், வெயிலில் மயங்கி உட்கார்ந்துவிட்ட ஓர் ஆச்சிக்குத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவனுக்கு அந்தப் பேப்பர் அரியர். 'என்ஜின் சூடேறியதைக் கவனிக்காமல் ஓட்டினார்' என்று டிரைவர் அண்ணனுக்கு மெமோ. பஸ்ஸுக்கு மட்டும் பரிசு. இன்னொரு புது பெல்ட்!

அறுந்தது பெல்ட்தான். ஆனால் காரணம் பெல்ட்தானா?

பெல்ட் என்ன வேலை செய்கிறது?

என்ஜினின் சுழற்சியை வாங்கி வாட்டர் பம்ப்பையும், ரேடியேட்டர் ஃபேனையும், பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரையும் சுற்ற வைப்பது இந்த ஒரு பெல்ட். அது அறுந்தால் தண்ணீர் சுற்றாது, காற்று வராது. சில நிமிடங்களில் என்ஜின் கொதிக்கும். அப்படியே ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் போய்விடும். டாஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் மீட்டரின் முள் இதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எங்கள் பஸ்ஸில் அந்த முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. டிரைவர் எதைப் பார்த்துக் கவனிப்பார்?

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினோம். "தம்பி, பதினஞ்சு நாள்ல அறுந்தா பெல்ட்டத் திட்டாத. அது எங்க ஒரசுதுன்னு பாரு. பழைய பெல்ட்டு இருக்கா?" என்றார். நல்ல வேளையாக டிரைவர் அண்ணன் மூன்றையும் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். வரிசையாக விரித்துப் பார்த்தோம். மூன்றிலும் ஒரே பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது!

அங்கிருந்து 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போனோம்.

ஏன் ஒரு பக்கம் தேய்ந்தது? புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. ஆல்டர்னேட்டர் லேசாகச் சாய்ந்திருந்தது.

ஏன் சாய்ந்தது? அதைத் தாங்கும் பிராக்கெட்டின் துளை முட்டை வடிவில் அகன்றிருந்தது.

ஏன் அகன்றது? உள்ளே இருந்தது ஒரு சைஸ் சின்ன போல்ட். அது ஆடி ஆடித் துளையைத் தின்றுவிட்டது.

ஏன் சின்ன போல்ட்? என்றோ ஓர் இரவு சரியான போல்ட் ஸ்டோரில் இல்லை. விடியற்காலை முதல் டிரிப் போயாக வேண்டும். கிடைத்ததைப் போட்டு முடுக்கிவிட்டார்கள்.

பிறகு ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை? மூன்று முறையும் மூன்று ஷிஃப்ட், மூன்று மெக்கானிக். ஜாப் கார்டில் எழுதியது 'பெல்ட் மாற்றப்பட்டது' என்ற இரண்டே சொல். இது மூன்றாவது பெல்ட் என்பது எவருக்கும் தெரியாது.

ஆக, வேர் பெல்ட்டில் இல்லை, போல்ட்டில்கூட இல்லை. பழுதை எழுதாத அந்தக் கார்டில் இருந்தது! ஜப்பானின் டொயோட்டா கம்பெனி உலகுக்குக் கற்றுக்கொடுத்த 'ஐந்து ஏன்' முறை இதுதான். ஐந்து என்பது கட்டாயக் கணக்கல்ல. ஆள் பெயரில் போய் நின்றுவிடாமல், மாற்றக்கூடிய ஒரு நடைமுறையைத் தொடும்வரை கேட்க வேண்டும் என்பதே சாரம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய், நோயின் முதல், தணிக்கும் வழி என்று வைத்த வரிசையும் இதுதானே!

சின்ன போல்ட் பெரிதானால்...

இதே நோய் ரயிலில் வந்தால் என்ன ஆகும்? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், பஹானகா பஜார் ஸ்டேஷனில், சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் இருந்தும் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முதல் நாள் எல்லோரும் கேட்ட கேள்வி, 'டிரைவர் தவறா?' என்பது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வேறிடத்தில் போய் நின்றது. சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்தில் தவறு. வயர்களுக்குத் தவறான லேபிள். 94ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டில் அன்று நடந்த வேலையில் அந்தத் தவறு வெளிப்பட்டது. இதைவிட வேதனை ஒன்று உண்டு. 2022 மே மாதமே அதே கரக்பூர் கோட்டத்தில் வேறொரு ஸ்டேஷனில் தவறான வயரிங்கால் இதைப் போன்ற சம்பவம் நடந்திருந்தது. அன்றே வேரைப் பிடுங்கியிருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்பது விசாரணையின் முடிவு.

உயிர் போகாமல் முடிந்த முதல் சம்பவம் ஒரு ஓசி எச்சரிக்கை. அதை நாம் 'தப்பிச்சோம்டா சாமி' என்று மறந்துவிடுகிறோம்.

வேரைப் பிடுங்க முடியாவிட்டால்?

சில வேர்களைப் பிடுங்கவே முடியாது. நம் பக்கத்துப் பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதி துருவால் பலவீனமடைந்ததால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. உப்புக் காற்றை யாரால் நிறுத்த முடியும்? அதனால் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தின் டிசைனிலேயே பதில் வைத்தார்கள்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள், துருவைத் தடுக்கும் உயர்தரப் பெயின்ட், முழுவதும் வெல்டிங் செய்த இணைப்புகள்.

நாளை ஒர்க்‌ஷாப்பில் நிற்கப்போகும் நமக்கு நான்கு சொல்:

1. உடைந்த பாகத்தைக் காயலாங்கடைக்கு அனுப்புமுன் கையில் எடுத்துப் பார். அதுதான் சாட்சி.

2. ஒரே பழுது இரண்டாம் முறை வந்தால் அது பழுதல்ல, கேள்வி.

3. 'மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதாதே. எங்கே தேய்ந்தது, முன்பு எப்போது மாற்றியது என்று எழுது.

4. 'யார்?' என்று கேட்டால் ஆள் பயந்து மறைப்பான். 'ஏன்?' என்று கேட்டால் உண்மையைச் சொல்வான்.

டிரைவர் அண்ணன் மெமோவுக்குப் பதில் எழுதும்போது மூன்று பெல்ட்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பிராக்கெட்டை மாற்றினார்கள், மீட்டர் முள்ளுக்கும் உயிர் வந்தது. அதன் பிறகு அந்த பஸ்ஸில் பெல்ட் அறுந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. மெமோ மட்டும் இன்னும் ஃபைலில் இருக்கிறதாம். நண்பன் அடுத்த செமஸ்டரில் அரியரை முடித்துவிட்டான். வைவாவில் "ஃபேன் பெல்ட் அறுவதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டார்களாம்.

"எந்த ஏன் வரைக்கும் சொல்லணும் சார்?" என்றானாம் அவன்!

— இறுதியாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு