நாட்டின் கணக்கு நோட்டில் நாம் எங்கே?

பால் கணக்கு, மளிகைக் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் உண்டு. 2020-ஆம் ஆண்டு நோட்டு உங்களிடம் பத்திரமாக இருந்தால் ஏப்ரல், மே மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ரயில் செலவு அந்த வருடம் இருக்காது. முகக்கவசச் செலவு இருக்கும். சில வீடுகளில் வரவுப் பக்கமே வெறுமையாக இருக்கும்.

கொரோனா ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். நாட்டை என்ன செய்தது என்று சொல்ல நாட்டுக்கும் ஒரு நோட்டு வேண்டும் அல்லவா? அதுதான் தேசியப் புள்ளிவிவரம். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?’ என்று கேட்கலாம். உதவும்! எத்தனை பேருக்கு ரேஷன் அரிசி என்பதே இந்த ஏட்டைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

நூறாண்டுக்கு முன்

1918-இல் பம்பாய் துறைமுகம் வழியே விஷக்காய்ச்சல் நுழைந்தது. அன்று உற்பத்திக் கணக்கும் இல்லை, வேலைவாய்ப்புக் கணக்கும் இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணுவது இருந்தது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25.21 கோடியாக இருந்த மக்கள் தொகை, 1921-இல் 25.13 கோடி ஆகிவிட்டது. கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள் தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அது. அந்தக் காய்ச்சலில் மாண்டவர்கள் 1.2 கோடி முதல் 2 கோடி வரை என்று ஆய்வாளர்கள் பின்னாளில் மதிப்பிட்டதற்கு அந்தத் தலைக்கணக்கே பெருந்துணை.

கணக்கெடுப்பவரும் வீட்டுக்குள்

2020-இல் கணக்கு முறைகள் பல இருந்தன. ஆனால் கணக்கெடுப்பவரே வெளியே போக முடியவில்லை! கடை கடையாகச் சென்று விலை விசாரிக்கும் பணி மார்ச் 19 முதல் நிறுத்தப்பட்டது. தொலைபேசியில் கேட்டார்கள். விற்பனையே ஆகாத துணிக்கும் செருப்புக்கும் என்ன விலை போடுவது? அதே வகைப் பொருள்களின் விலைப்போக்கைக் கொண்டு இடைவெளியை நிரப்பினார்கள்.

ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக ஆகஸ்ட் இறுதியில் அறிவிப்பு வந்தது. விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. கட்டுமானம் 50.3 சதவீதமும், வணிகம், ஓட்டல், போக்குவரத்து ஆகியவை சேர்ந்து 47 சதவீதமும் வீழ்ந்தன. ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள் அதிகம் இருக்கும் தொழில்கள் எவை என்று யோசித்தால் அடி யார் மேல் விழுந்தது என்பது விளங்கும்.

இந்தக் கணக்குக்கும் ஒரு குறை உண்டு. பெரிய கம்பெனிகளின் வரவு செலவு காலாண்டுதோறும் கைக்கு வரும். தெருமுனை டீக்கடையின் கணக்கு வராது. கம்பெனிகளின் போக்கை வைத்தே சிறு தொழில்களையும் பெரும்பாலும் ஊகிக்க வேண்டியிருந்தது. கம்பெனி தாக்குப்பிடித்து டீக்கடை மூடிக்கிடந்தால் அந்த வித்தியாசம் முழுதாகத் தெரியாது. முழு ஆண்டுச் சரிவு முதலில் 7.3 சதவீதம் என்றார்கள். பிறகு 6.6, அதன்பின் 5.8 என்று திருத்தினார்கள். விவரங்கள் தாமதமாக வந்து சேரும்போது இப்படித் திருத்துவது வழக்கமே.

வேலையின்மை குறைந்ததா?

நகரங்களில் 2020 ஜனவரி–மார்ச்சில் 9.1 சதவீதமாக இருந்த வேலையின்மை, அடுத்த காலாண்டில் 20.9 ஆயிற்று. ஆனால் நாடு முழுவதற்குமான ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 2019-20-இல் 4.8 சதவீதம், 2020-21-இல் 4.2! நோய்க்காலத்தில் வேலை பெருகிவிட்டதா என்ன?

இல்லை. முதல் கணக்கு, கடந்த ஒரு வாரத்தில் வேலை இருந்ததா என்று கேட்பது. இரண்டாவது, ஆண்டு முழுவதையும் பார்ப்பது. அதோடு, நகரத்தில் கூலி இழந்தவர் ஊர் திரும்பி அப்பாவின் வயலில் சம்பளமின்றி உதவினாலும் ‘வேலையில் உள்ளவர்’ என்றே எழுதப்படுவார். உழைப்பவர்களில் விவசாயத்தை நம்பியோர் 2018-19-இல் 42.5 சதவீதம். 2020-21-இல் அது 46.5 ஆக உயர்ந்தது. பல ஆண்டுகளாகக் குறைந்து வந்த எண்ணிக்கை திரும்பி ஏறியது. ஒரே எண்ணைப் பார்த்து மகிழவோ கலங்கவோ கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எண்ணப்படாதவர்கள்

2020 மே 1 முதல் ஓடிய 4,600-க்கும் மேற்பட்ட சிறப்பு ரயில்களில் சுமார் 63 லட்சம் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். நடந்தே போனவர்களுக்கு டிக்கெட் ஏது, கணக்கு ஏது? அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, அத்தகைய விவரம் இல்லை என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் தரப்பட்டது. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் ‘இ-ஷ்ரம்’ 2021 ஆகஸ்ட் 26 அன்றுதான் தொடங்கியது.

இறப்புக் கணக்கும் அப்படியே. 2021 முடிய கொரோனா இறப்பு 4.8 லட்சம் என்பது அரசின் எண்ணிக்கை. நோயால் நேரடியாகவும் மறைமுகமாகவும் கூடுதலாக நேர்ந்த இறப்புகள் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. கணக்கிட்ட முறையே தவறு என்று அரசு மறுத்தது. 2025 மே மாதம் வெளியான பதிவு விவரப்படி, 2020-இல் 81.2 லட்சம் இறப்புகள் பதிவாகியிருந்தன. 2021-இல் 1.02 கோடி! பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு காரணம்தான். ஆனாலும் ஒரே ஆண்டில் இருபது லட்சத்துக்கு மேல் கூடியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியுமா?

நாம் செய்ய வேண்டியது

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதற்கும் கொரோனாவே காரணமாகச் சொல்லப்பட்டது. இதனால் 81.35 கோடிப் பேருக்கு ரேஷன் என்ற உச்சவரம்பு 2011 கணக்கின்படியே நின்றது. 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில்தான் அறிவிப்பு வெளியானது.

பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். கணக்கெடுப்பாளர் வந்தால் ‘அப்புறம் வாருங்கள்’ என்று அனுப்பிவிடாதீர்கள். தாய்மொழி தமிழ் என்று தயங்காமல் சொல்லுங்கள். பிறந்த ஊரைக் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் வாசலில் நிற்கும் காவலாளியிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு துன்பம் வரும்போது, ‘இத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்’ என்று நாட்டின் நோட்டில் எழுதியிருந்தால்தான் நமக்கும் அவர்களுக்கும் அரிசியும் மருந்தும் ரயிலும் வந்து சேரும்.