காடு சுருங்கினால் உண்ணி எங்கே போகும்?

1956-இல் உலு லங்காட் காட்டு எலிகளின் மேல் ஒட்டியிருந்த உண்ணிகளைக் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தார் சோதித்தபோது புதிய வைரஸ் ஒன்று அகப்பட்டது. அதற்கு லங்காட் வைரஸ் என்றே பெயர் வைத்தார்கள். இயற்கையில் அது மனிதரை நோயில் தள்ளியதாகப் பதிவு இல்லை என்பது ஆறுதல். ஆனால் நம் ஊர்க் காட்டில் உண்ணி எதையெல்லாம் சுமக்கும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

உண்ணிக்குப் பெரிய எதிரி வறட்சி. வாழ்நாளில் பெரும்பகுதியை அது விலங்கின் மேல் கழிப்பதில்லை, தரையில்தான் கழிக்கிறது. அங்கே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் காட்டு உண்ணிகளுக்கு நிழலும் ஈரச் சருகும் வேண்டும். மரத்தை வெட்டிச் செம்மண்ணைத் திறந்துவிட்டால் அவை காய்ந்து சாகும்.

நாய் உண்ணி அப்படியல்ல. பழுப்பு நிறமுள்ள இது சிமெண்ட் வீட்டுக்குப் பழகியது. நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே உதிர்ந்து, கார் நிறுத்துமிடச் சுவரில் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குளிர்நாட்டில் பனிக்காலம் அதை முடக்கிவிடும். இங்கே அப்படியொரு காலமே கிடையாது. ஆண்டு முழுக்கப் பெருகும். எர்லிக்கியா, பபேசியா, ஹெப்படோசூன் ஆகிய கிருமிகளை நாய்களிடையே பரப்புவதும் இதுதான்.

பூச்சோங், கோம்பாக், ஷா ஆலம் பக்கம் தாமான் முடியும் வேலியிலேயே காடு தொடங்குகிறது. வீட்டுக்கூரையில் குட்டி போடும் மூசாங் என்னும் மரநாயும், செம்பனைத் தோட்டத்தில் எலி வேட்டையாடும் சிறுத்தைப் பூனையும், கைவிடப்பட்ட நாய்களும் ஒரே தடத்தில் நடக்கின்றன. ஹெப்படோசூன் கடியால் பரவுவதில்லை. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது உண்ணியை விழுங்கினாலே தொற்றிவிடும். ஊனுண்ணிகளுக்கு இதைவிட எளிய வழி வேண்டாம்.

இதோடு பருவநிலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தான்சானியா காட்டியது. 1994-இல் செரெங்கெட்டி சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாண்டது. நாய்க்கொள்ளை (டிஸ்டெம்பர்) வைரஸ்தான் காரணம் என்றார்கள். ஆனால் அதே வைரஸ் முன்பும் சிங்கங்களைத் தொற்றியிருக்கிறது, இப்படிக் கொத்தாகச் சாகவில்லை. முடிச்சை அவிழ்த்தது 2008-இல் வெளிவந்த ஆய்வு. கடும் வறட்சியில் மெலிந்த காட்டெருமைகளில், மழை திரும்பியதும் உண்ணி பெருகியது. அவற்றைத் தின்ற சிங்கங்களின் இரத்தத்தில் பபேசியா நிறைந்தது. வைரஸ் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்ததும் இரண்டும் சேர்ந்து கொன்றன. 2001-இல் ங்கோரோங்கோரோவிலும் இதே கதை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் இவ்விரண்டு நோய்களின் பெயர்களே அடிபட்டன.

மலேசியாவில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. 2019-இல் திரெங்கானுவில் பிடிபட்ட புலி ஒன்று நாய்க்கொள்ளை நோயால் இறந்தது. அந்த நோயோடு உண்ணிக் கிருமியும் கைகோத்தால், இருக்கும் புலிகள் தாங்கா.

ஆகவே நாய் வளர்ப்பவர்கள் உண்ணி மருந்தையும் நாய்க்கொள்ளைத் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். காட்டோரத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டாலும் அங்கே கொண்டுபோய் விடாதீர்கள். மூசாங் தள்ளாடினாலோ செத்துக் கிடந்தாலோ கையால் தொடாமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள்.