மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு

நேற்றிரவு அகராதியைப் பார்த்து இருபது ஆங்கிலச் சொற்களை உருப்போட்டீர்கள். இன்று காலை மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் நினைத்துப் பார்த்தால் ஏழெட்டுதான் தேறுகின்றன. இந்த நிலையில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து ஷேக்ஸ்பியரைப் படிப்பது எப்படி என்று கவலைப்படுகிறீர்களா?

மறதியை அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர். பழைய அறிவு குறுக்கிடாதிருக்க, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்தார். அவற்றையே மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. 31 நாள் கழித்து 21. இதை 1885-ல் வெளியிட்டார். பெரும் இழப்பு முதல் நாளிலேயே நேர்ந்துவிடுவதைப் பாருங்கள்! சூடான காப்பியும் இப்படித்தான், முதலில் மளமளவென்றும் பிறகு மெல்லவும் ஆறுகிறது. (விதி ஒன்றல்ல, சாயல்தான்.)

ஆகவே மறுநாளே ஒருமுறை, மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துச் சொற்களைச் சூடாக்குங்கள். பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பயன் குறைவு. நான் அப்படி ஒரு நோட்டையே வீணாக்கியவன்! பொருளை மூடிவைத்து, நினைவிலிருந்து இழுக்க வேண்டும்.

இதற்கு செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் ஒரு பெட்டி சொன்னார். சரியாகச் சொன்ன சொல்லின் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின் அறைகளை அபூர்வமாகத் திறந்தால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் அட்டை தயார். சொல் வந்த வரியையும் அதில் எழுதுங்கள். ஏனெனில், ஷேக்ஸ்பியரிடம் 'நைஸ்' என்ற சொல் 'அற்பமான' என்றும் பொருள்படும்.