மருந்தடித்த சட்டையைத் துவைப்பது யார்?

உரக்கடைக்கு வரும் விவசாயி பூச்சிமருந்து பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, ‘டேங்குக்கு எத்தனை மில்லி?’ என்பதுதான். அடுத்தது, ‘எத்தனை நாளில் கேட்கும்?’ மருந்தடித்துவிட்டு வந்து கழற்றிப் போடும் சட்டையை வீட்டில் யார் துவைக்கிறார்கள், எதில் துவைக்கிறார்கள் என்பதை விவசாயியும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. பாதுகாப்புப் பயிற்சிகளில் காட்டும் படத்திலும் முகக்கவசம் கட்டி, தெளிப்பானை முதுகில் மாட்டிய ஓர் ஆண்தான் நிற்பார். தெளிப்பானைத் தொடாமலேயே நஞ்சோடு புழங்கும் பெண் அந்தப் படத்தில் இல்லை.

ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால், 10 லிட்டர் டேங்கை 20 முறை நிரப்ப வேண்டும். அத்தனை தடவைக்கும் கிணற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ குடத்தில் தண்ணீர் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். பல வீடுகளில் வாளியில் மருந்தை ஊற்றிக் கலக்கிக் கொடுப்பதும் அவர்தான். மூடியைத் திறந்து அளந்து ஊற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான் மொத்த வேலையிலும் ஆபத்தானவை. லிட்டருக்கு 2 மில்லி கலக்கும் மருந்து என்றால், பாட்டிலில் இருப்பது தெளிக்கும் கரைசலைவிட 500 மடங்கு வீரியமானது. விரலில் ஒரு சொட்டு பட்டால், அது கரைசலில் 25 மில்லி கையில் கொட்டியதற்குச் சமம். அந்தக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அடுத்த குடத்துக்குப் போகிறார்கள்.

நஞ்சு மூக்கு வழியாகத்தான் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். வயல் வேலையில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் உடம்புக்குள் இறங்குகிறது. அதிலும் எல்லாத் தோலும் ஒன்றல்ல. முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றியும் தலைத்தோலும் ஏறக்குறைய 4 மடங்கு உறிஞ்சும். தொடை இடுக்கு 10 மடங்குக்கும் மேல். வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் வேகம். மருந்து பட்ட முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைப்பதும், கரைசலில் நனைந்த பாவாடையோடு மாலை வரை நிற்பதும் எவ்வளவு கெடுதல் என்பது இதிலிருந்தே தெரியும்.

பருத்தி எடுப்பில் மடி கட்டிக்கொண்டு செடியோடு செடியாக உரசிப் போகிறார்கள். கத்தரி, வெண்டை, மிளகாய் பறிப்பதிலும் அப்படித்தான். களை எடுக்கக் குனிந்தால் முகம் இலைமட்டத்தில் இருக்கும். முந்தின நாள் மாலை மருந்தடித்த வயல் என்று தெரிந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். ஆனால் கூலிக்கு வருபவர்களுக்கு அதை யாரும் சொல்வதில்லை. ஒருநாள் தள்ளிப்போட்டால் ஆள் கிடைக்காது என்பது வயல்காரர் கவலை. கேட்டால் நாளைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்பது கூலிப் பெண்களின் கவலை. இருவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உடம்பைக் கொடுப்பது ஒருவர்தான்.

மருந்தின் துண்டுச்சீட்டில் காத்திருப்புக் காலம் போட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். போடாவிட்டாலும், டப்பாவில் சிவப்பு அல்லது மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரண்டு நாளும், நீலம், பச்சை என்றால் ஒரு நாளும் அந்த வயலில் கைவேலைக்கு ஆள் இறக்காமல் இருப்பது நல்லது. பச்சை முக்கோணம் என்றால் நஞ்சே இல்லை என்று அர்த்தமில்லை. நான்கில் குறைந்தது, அவ்வளவுதான். மருந்தடித்த வயலின் நுழைவரப்பில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவைக்கலாம். செலவில்லாத வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

இனி அந்தச் சட்டை. வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஒரே அன்னக்கூடையில் ஊறவைத்தால் நஞ்சு மற்ற துணிகளுக்கும் ஏறும். குழந்தையின் துணிக்கும் ஏறும். மருந்தடித்த துணியைத் தனியாக வைத்து, அன்றைக்கே துவைக்க வேண்டும். நாள் ஆக ஆகக் கறை இறங்காது. முதலில் கையுறை போட்டுக்கொண்டு, வெட்டவெளியில், ஆளில்லாத மேட்டில் தண்ணீர் ஊற்றி அலசவும். பிறகு வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடவும். கிணற்றடி, குளம், மாட்டுத்தொட்டிப் பக்கம் வேண்டாம். துவைத்த பாத்திரத்தையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நீர்க்காத மருந்து கொட்டி ஊறிப்போன சட்டை எத்தனை முறை துவைத்தாலும் சுத்தமாகாது. அதைக் கழித்துவிடுவதுதான் சரி. அடித்தவரே அலசிப்போட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. ஏற்கெனவே நனைந்த கை அவருடையதுதானே!

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. வெயிலுக்கும் சுணைக்கும் பயந்து, வயலுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழைய சட்டை, போன பருவத்தில் மருந்தடித்த சட்டையாக இருந்துவிடக் கூடாது.

உடம்பு காட்டும் அடையாளங்களைப் பார்ப்போம். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள், நரம்பும் தசையும் பேசிக்கொள்ள உதவும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பார்வை மங்கல் ஆகியவை முதலில் வரும். ‘வெயில் தாங்கல’, ‘காலையில சாப்பிடல’, ‘ரத்தம் இல்ல’ என்று அந்தப் பெண்களே காரணம் சொல்லிவிடுகிறார்கள். ரத்தச்சோகையும் பொய்யில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை இருக்கிறது. அதனால்தான் நஞ்சின் அறிகுறி அதற்குள் ஒளிந்துகொள்கிறது. வாயில் எச்சில் வழிவது, கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டுவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, நெஞ்சு இறுக்கம், தசை துடிப்பது ஆகியவை வெயிலால் வருவதில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுகச் சிறுகப் படுவதிலும் ஆபத்து உண்டு. குறைந்துபோன நொதி ரத்த அணுக்களில் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று மாதம் வரை ஆகலாம். அதற்குள் அடுத்தடுத்துப் பட்டால், முதல் தடவை ஒன்றும் செய்யாத அளவே நான்காம் தடவை ஆளைச் சாய்த்துவிடும். ‘இத்தனை வருஷமா அடிக்கிறோம், என்ன ஆச்சு?’ என்ற வாதம் இங்கே எடுபடாது. மருந்து காலத்தில் அடிக்கடி தலைசுற்றல் வந்தால், மருத்துவரிடம் வயலில் பயன்படுத்திய மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை எழுதத் தோன்றும்.

மேலே மருந்து கொட்டிவிட்டால், துணியைக் கழற்றிவிட்டு, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதுதான் முதல் வேலை. ஆளை ஆட்டோவில் ஏற்றுகிற அவசரத்தில் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். ஈரத்துணி வழியெல்லாம் நஞ்சைப் பாய்ச்சிக்கொண்டே வரும். உதவுபவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே போயிருந்தால் உப்புத்தண்ணீர், சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பெரிய தவறு. பல மருந்துகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை. வாந்தியில் அது நுரையீரலுக்குள் புகுந்தால் நஞ்சைவிட அதுவே முந்திக் கொல்லும். ‘பால் கொடுத்தால் முறியும்’ என்பதும் உண்மையல்ல. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, பாட்டிலையோ துண்டுச்சீட்டையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்தின் பெயர் அந்தச் சீட்டில் இருக்கும். அட்ரோபின் ஊசி நேரத்தோடு போட்டால் பிழைப்பவர்கள் அதிகம்.

அடுத்தது அடுப்படி. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. நம் வீடுகளிலும் மருந்து பாட்டில் பரணில், அரிசிமூட்டைக்குப் பக்கத்தில், கட்டிலுக்கடியில் இருக்கிறது. காலி டப்பாவில் எண்ணெயோ குடிதண்ணீரோ வைக்கிறார்கள். காய்ச்சல் மாத்திரைக்கும் மருந்து, பூச்சி கொல்லும் நஞ்சுக்கும் மருந்து என்று ஒரே பெயர் சொல்லி வளர்த்ததும் இதற்கு ஒரு காரணம். காலி டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூன்று முறை குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும். மருந்து வைக்க வீட்டுக்கு வெளியே ஒரு பூட்டுப்பெட்டி வேண்டும்.

அந்தப் பூட்டு குழந்தைகளுக்காக மட்டுமல்ல. சண்டை, கடன், மன உளைச்சல் என்று மனம் உடையும் ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். இலங்கையில் 1995-ல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தது. அதன்பின் பத்தாண்டில் தற்கொலைச் சாவு விகிதம் பாதியாகக் குறைந்தது. மனம் கனத்திருக்கும் எவரும் 104-ல் ஆலோசகரிடம் பேசலாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருந்து கலக்குவது, தண்ணீர் சுமப்பது, மருந்தடித்த வயலில் இறங்குவது மூன்றையும் தவிர்க்க வேண்டும். கரு உருவாகும் முதல் மூன்று மாதம் மிக முக்கியம். பலருக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது. கல்யாணமான இளம்பெண்களைக் கலக்கும் வேலையில் விடாமல் இருப்பது உத்தமம். பாலூட்டும் தாய் வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சேலை கட்டிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். பயந்துபோய்த் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

மருந்தின் அளவு, முக்கோண நிறம், காத்திருப்புக் காலம் பற்றிச் சந்தேகம் இருந்தால் உழவர் அழைப்பு மையத்தை 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். வீட்டுப் பெண்களும் தயங்காமல் கேட்கலாம். கலக்குகிற கை அவர்களுடையது என்றால், அளவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.