மூழ்கிய கப்பலும் முழித்திருக்கும் எழுத்தும்

ஊவாவுக்குக் கடல் கிடையாது. ஆனால் ஊவாவின் தண்ணீர் கடலுக்குத்தான் போகிறது. பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் பிறக்கும் கிரிந்தி ஓயா வெல்லவாய, திஸ்ஸமகாராமைப் பக்கமாக இறங்கி, கிரிந்தைக்கு அருகே கடலோடு சேர்கிறது. கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம் வணிகர்களின் தவளம் மாடுகள் கரையோர உப்பை மலைக்கு ஏற்றி வந்தன. மலையின் பாக்கைக் கீழே கொண்டு போயின. ஆகவே அந்தத் தென்கிழக்குக் கடலில் கிடப்பது எங்களுக்கு அந்நியமான சமாச்சாரம் அல்ல.

கிரிந்தைக் கரையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. ஆங்கிலேயர் அதைக் கிரேட் பாசஸ் என்றார்கள். சிங்களத்தில் அது மஹா ராவணா கோட்டுவ. எல்லயில் ராவணன் பெயரில் நீர்வீழ்ச்சி, அங்கே ராவணன் பெயரில் கோட்டை! 1873இல் அந்தப் பாறையில் வெளிச்சவீடு கட்டி முடிக்கும் வரைக்கும், இராப் பயணம் வந்த கப்பல்களுக்கு அது ஒரு பொறியாகவே இருந்தது.

சாக்கு உக்கியது, சல்லி உக்கவில்லை

1961 மார்ச்சில் மைக் வில்சன் என்ற சுழியோடி, இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே படம்பிடிக்கப் போனார். இலங்கையில் குடியேறியிருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். பாறைக்கு அடியில் அவர்கள் கண்டது சிறு பீரங்கிகளையும் வெள்ளிக் காசுகளையும். 1963இல், துருக்கிக் கடலில் பழைய கப்பல்களைத் தேடிய அனுபவம் உள்ள பீட்டர் த்ரொக்மோர்டனையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனார்கள். அந்தக் கதையைக் கிளார்க் 1964இல் புத்தகமாக வெளியிட்டார்.

காசுகள் தனித்தனியாகக் கிடைத்தது கொஞ்சம். மிச்சம் கட்டி கட்டியாகக் கிடந்தன. ஆயிரம் ரூபாய் அளவு கட்டிய சாக்கு உக்கிப் போயிருந்தது. உள்ளே இருந்த வெள்ளி மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, சாக்கின் வடிவத்திலேயே இறுகியிருந்தது. ஒரு காசு 11 கிராமுக்குச் சற்றுக் கூட. அப்படியென்றால் ஒரு மூட்டை 11 கிலோவுக்கு மேல்.

அந்தக் காசில் இருந்தது பாரசீக எழுத்து. ஆலம்கீர் ஒளரங்கசீப்பின் ஆட்சி, அச்சடித்த ஊர் சூரத், ஹிஜ்ரி 1113. எங்கட குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் பிள்ளையிடம் கொடுத்தால், ஆயத்து இலக்கம் வாசித்த பழக்கத்தில் அந்த ஆண்டை வாசித்துவிடும்.

ஹிஜ்ரி 1113 என்பது கி.பி. 1701 ஜூன் தொடக்கம் 1702 மே வரை. கப்பல் அதற்கு முந்தித் தாண்டிருக்க முடியாது. கையில் புழங்கிய சல்லி என்றால் பல ஊர்க் காசும் பல வருடத்துக் காசும் கலந்திருக்கும். இவையோ ஒரே ஊரில் அடித்த புதுக் காசுகள். எனவே அச்சாலையிலிருந்து வெளியே வந்து அதிக காலம் செல்லுமுன் கப்பல் மோதியிருக்க வேண்டும். மூட்டையாகக் கட்டிய வெள்ளி கிழக்குத் துறைமுகங்களில் சரக்கு வாங்கப் போன முதல் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

அன்றைய சூரத் முகலாயரின் பெருந்துறைமுகம். ஹஜ் கப்பல்கள் புறப்பட்ட ஊர். முல்லா அப்துல் கஃபூர் போன்ற முஸ்லிம் வணிகர்கள் சொந்தமாகக் கப்பல் தொகுதிகள் வைத்திருந்த காலம் அது. ஐரோப்பியர் மட்டுந்தான் கடலை ஆண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு, இந்தக் காசு மூட்டைகள் வேறு கதை சொல்கின்றன.

ஆழத்தின் கணக்கு

அந்தப் பாறையில் ஆழம் குறைவு. ஆபத்து நீரோட்டத்திலும் அலையிலும் இருக்கிறது. இரண்டு மழைக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் வாரங்களில்தான் கடல் இடம் கொடுக்கும். ஆழமான கப்பல்களின் கணக்கு வேறு.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அன்று அதில் 307 பேர் மாண்டார்கள். பத்து மீற்றர் இறங்க ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். அங்கே சுழியோடியை அமுக்குவது மேலே உள்ளதைப் போல ஆறு மடங்குக்கு மேல். அந்த அமுக்கத்தில் சாதாரண காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைதரசன் மயக்கம் தரும், புத்தி தடுமாறும். அதனால் தொழில்நுட்பச் சுழியோடிகள் நைதரசனைக் குறைத்து ஈலியம் கலந்த வாயுவை எடுத்துப் போகிறார்கள்.

இறங்குவதை விட ஏறுவதுதான் கஷ்டம். உடம்பில் கரைந்த வாயு மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டு மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல இரத்தத்தில் குமிழி கிளம்பும். ஆகவே இடையிடையே நின்று நின்று வர வேண்டும். அடியில் இருபது நிமிடம் நின்றவர் ஏறி வருவதற்கு அதைவிடக் கூட நேரம் எடுக்கும்.

கீழக்கரையிலிருந்து மன்னார் முத்துக்குளிப்புக்கு வந்த நம்மவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் போய் வந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. இன்று சிலிண்டரோடு சங்கும் கடலட்டையும் எடுக்கும் இளைஞர்களுக்கு அது தேவை. அது தெரியாமல் கால் வழங்காமல் போனவர்கள் உண்டு.

எடுத்தால் என்ன கெட்டுப்போகும்?

கடலில் கிடப்பதை எடுத்து விற்றால் யாருக்கு நட்டம் என்று கேட்கும் ஆக்கள் இருக்கிறார்கள். 2003இல் அம்பலாந்தோட்டைக்கு அருகே கொடவாயக் கடலில் சங்கு எடுத்தவர்கள் ஒரு பழங்கப்பலைக் கண்டார்கள். பிறகு ஆராய்ந்ததில் அது ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது, கண்ணாடிக் கட்டிகளும் உலோகமும் ஏற்றி வந்தது என்று தெரிந்தது. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பழையது இதுவே. அந்தக் கட்டிகள் கடை கடையாகப் போயிருந்தால் அவை வெறும் கண்ணாடி.

சூரத் ரூபாயும் அப்படித்தான். தனிக் காசாக அது சேகரிப்பவருக்கு ஒரு விலை. எந்த மூட்டையில், எந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில், கப்பலின் எந்தப் பகுதியில் கிடந்தது என்பது தெரிந்தால் அது வரலாறு. இடத்தைக் குறிக்காமல் பிடுங்கியவன் புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்து, அட்டையை மட்டும் விற்கிறான். ஹேர்மிஸ் போன்ற கப்பலில் இன்னொன்றும் உண்டு: அது மையத்துகள் கிடக்கும் இடம். கபுறடியில் நடக்கும் ஒழுக்கம் அங்கேயும் வேண்டும்.

எங்கள் தோட்டப்புறத்து அயலவர்களுக்கும் ஒரு கப்பல் இருக்கிறது. தொழிலாளரை ஏற்றி வந்து 1864இல் மூழ்கிய ஆதிலட்சுமி. அதில் வெள்ளி மூட்டை இல்லை, ஆக்கள்தான் இருந்தார்கள். ஆகவே புதையல் தேடுபவன் அதைத் தேட மாட்டான். வரலாறு தேடுபவன்தான் தேட வேண்டும்.

இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940இலிருந்து உண்டு. பழம்பொருள் கண்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். கண்டவருக்கு அது சொந்தமாகாது. கிரிந்தையின் மலாய் முஸ்லிம் மீனவராக இருந்தாலும் சுற்றுலா போகும் பதுளைப் பொடியனாக இருந்தாலும், செய்ய வேண்டியது மூன்றே: பொருளை அசைக்காமல் விடுவது, இடத்தைக் குறித்துக்கொள்வது, திணைக்களத்துக்குச் சொல்வது.

சுழியோடத் தெரியாதவர்களுக்கும் இதில் வேலை கிடக்கிறது. அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுக்கக்கூடிய தாள்கள், கரையோரத்தை அன்று ஆண்ட ஒல்லாந்தரின் ஏடுகளிலும் சூரத் வணிகரின் பாரசீகக் கடிதங்களிலும்தான் தேடப்பட வேண்டும். அரபெழுத்துத் தெரிந்த எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேராவது பாரசீகமும் ஒல்லாந்தும் படித்தால், வெலிமடையில் இருந்துகொண்டே அந்தக் கப்பலுக்குள் இறங்கலாம்.