நிழற்படங்களைப் பேணுதலும் பகிர்தலும்

பழைய மாணவர் குழுப்படம் ஒன்றைக் கையில் எடுப்போர் முதலிலே முகங்களைப் பார்ப்பர். அடுத்து, அட்டையின் அடியிலே அச்சிட்டிருக்கும் பெயர்களைப் பார்ப்பர். "இருப்போர், இடமிருந்து வலமாக" என்று தொடங்கி, "நிற்போர்" என வரிசை வரிசையாகச் சென்று, சில வேளைகளில் "சமுகமளிக்காதோர்" என்னும் வரியுடன் அது முடிவுறும். படத்தில் இல்லாதவரையும் பதிவுசெய்த அந்த ஒழுங்கு இன்று எம்மிடம் இல்லை. ஒரு விளையாட்டுப் போட்டிக்கு ஆயிரம் படங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கின்றோம். எடுத்த நாளையும் நேரத்தையும், அனுமதித்தால் இடத்தையுங்கூட, அக்கருவி தானே குறித்துவைக்கும். படத்தில் நிற்பவர் யாவர் என்பதை மட்டும் மனிதரே எழுதவேண்டியுள்ளது. அதனை எவரும் எழுதுவதில்லை.

வன்னி மக்களுக்கு இஃது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அன்று. 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்தினின்று இடம்பெயர்ந்து எம் மண்ணுக்கு வந்தோர் பலர் தம் படத்தொகுப்புகளை வீட்டிலேயே விட்டு வந்தனர். 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையோர வீடுகளை அவற்றின் பெட்டகங்களுடன் அள்ளிச் சென்றது. 2008, 2009ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சியினின்று கிழக்கு நோக்கி ஊர் ஊராக நகர்ந்த காலத்திலே, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் சொப்பிங் பையிற் சுற்றப்பட்டுக் கையோடு சென்றன. பாரமான அல்பங்கள் வழியிலே கைவிடப்பட்டன. இன்று எமது வீடுகள் பலவற்றிலே 2009க்கு முற்பட்ட படம் ஒன்றேனும் இருக்குமாயின், அது பெரும்பாலும் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள உறவினருக்கு முன்னர் அனுப்பிய பிரதியினின்று மீண்டதே. பெட்டியிற் பூட்டி வைத்த படம் போயிற்று. பகிர்ந்த படம் பிழைத்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் அழிந்தமையை எம்மவர் அறிவர். ஓரிடத்திலே ஒரே பிரதியாக இருப்பது எதுவும் பாதுகாப்பானதன்று என்பதை அவ்விழப்பு உணர்த்திற்று. 2005இலே தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் எவரும் படிக்கும்படி வைத்துள்ளது. அதன் 'ஆவணகம்' என்னும் பகுதியிலே நிழற்படங்களும் ஒலிப்பதிவுகளும் சேர்க்கப்படுகின்றன. யப்பானிலே 2011 மார்ச் 11ஆம் நாட் கடற்கோளின் பின், யமமொட்டோ என்னும் சிற்றூரிலே சேற்றினின்று ஏறக்குறைய 750,000 படங்கள் மீட்கப்பட்டன. தொண்டர்கள் அவற்றைக் கழுவி உலர்த்தி, எண்ணிமப் பிரதி எடுத்து, உரியவர் தேடிப் பெற உதவினர். எமக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை, எஞ்சியவற்றையாவது ஒழுங்குசெய்வோம்.

காகிதப் படத்தை ஸ்கானரில் இட்டு, அங்குலத்துக்கு 600 புள்ளி அளவிற் பிரதி எடுத்தல் நன்று. மூலப் பிரதியை 'டிஃப்' வடிவிலே தொடாமல் வைத்து, பிறருக்குக் கொடுப்பதற்குச் சிறிய 'ஜேபெக்' பிரதி ஒன்றை ஆக்குக. படத்தின் பின்புறத்தையும் பிரதி எடுக்க மறத்தலாகாது. மங்கிய பென்சில் எழுத்தும் ஸ்ரூடியோ முத்திரையும் அங்கேதான் உள்ளன. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தொடங்கினால், கணினி தானே காலமுறைப்படி அடுக்கிவிடும். ஆண்டு தெரியாதவிடத்து "1970கள்" என்று எழுதினாற் போதும். ஊகித்த ஆண்டினும் பரந்த ஆண்டே மேல்.

பெயர் எழுதும்போது எம் நாட்டுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்த பெயர், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பொருளற்ற உரோம எழுத்துகளாய்த் தோன்றும், தேடினாலும் அகப்படாது. ஆதலின் ஒருங்குறியிலேயே எழுதல் வேண்டும். சிவகுமாரன் என்னும் பெயருடையார் ஒரே வகுப்பில் மூவர் இருக்கக்கூடும். முதலெழுத்துடன் விசுவமடு, நெடுங்கேணி, வற்றாப்பளை என ஊரையுஞ் சேர்த்தெழுதினாலன்றி நாற்பது ஆண்டின் பின் எவரும் அறியார். முதியோருக்குத் தட்டச்சு வேண்டியதில்லை. படத்தைக் காட்டி அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, பின்னர் எழுதிக்கொள்ளலாம். இவ்வேலை மட்டுமே தாமதத்தைப் பொறுக்காதது.

வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த நாளும் இடமும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலம் அப்படியே சேரும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேற்றூரில் என்பது படம் பேணுவோர் வகுத்த கணக்கு. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவரிடம் ஒரு வன்தட்டை ஒப்படைத்தால் மூன்றாவது பகுதி நிறைவேறும்.

பகிர்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் ஏந்திய படங்களை நோக்குக. அடையாள அட்டைப் படத்தினின்று பெருப்பித்தவை சில; கலியாணக் கூட்டப் படத்தினின்று முகம் மட்டும் வெட்டி எடுத்தவை சில. எமது வகுப்புப் படத்தில் நிற்கும் ஓர் இளைஞனின் தாய்க்கு அப்படம் கிடைக்கப்பெறாத பொருளாக இருக்கக்கூடும். அவரைக் கேளாமல் முகநூலில் இடுவது பெருங்கொடுமையாகவும் இருக்கக்கூடும். ஆதலின் முதலிற் பிரதி அவ்வீட்டுக்குச் செல்லவேண்டும். பொதுவில் இடுவதா என்பதை அவ்வீட்டாரே தீர்மானிக்கட்டும். திரட்டிலே எல்லாப் படங்களும் இருக்கலாம். எல்லாம் எல்லாருக்கும் திறந்திருத்தல் வேண்டுமென்பதில்லை.

பெயர் தெரியாத முகங்களுக்கு, "பின்வரிசை, இடமிருந்து நான்காமவர், தெரியவில்லை" என்று இடத்தைக் குறித்து, பெயருக்கான பகுதியை வெறுமையாக விடுக. அடுத்த ஒன்றுகூடலிலே அப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அருகே ஒரு பேனாவும் வைத்தால், வருவோர் நிரப்புவர்.